பழைய பேப்பர்க்காரரும் இரும்புக்கை மாயாவியும்

நடுவர் அவர்களே, எதிரணிச் சான்றோர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். வணக்கத்தை இதோடு முடித்துக்கொள்கிறேன். எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை முன்னால் பேசியவர் கடன் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"பிள்ளைகள் காமிக்ஸ் படிப்பதும் சேர்ப்பதும் வளர்ச்சியா, வீண் வேலையா?" என்பது தலைப்பு. வளர்ச்சியே என்று பேச வந்தவன் நான். மொழித்திறன், கற்பனை, பொது அறிவு என்று வரிசையாகக் குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எதிரணித் தலைவர், நம் பேராசிரியர் ஐயா, சற்றுமுன் ஒன்று சொன்னார். "காமிக்ஸ் சேர்ப்பவன் வீட்டுக்கும் பழைய பேப்பர் கடைக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். கடையில் தராசு இருக்கும்." சொல்லிவிட்டுத் தண்ணீர் வேறு குடித்தார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் சிரித்தேன். மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரம்மா எழுந்து நின்று கைதட்டியதையும் பார்த்தேன். சரி, குறிப்புச் சீட்டை மடித்துப் பையில் வைத்தாகிவிட்டது. இனிமேல் தராசைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

ஐயா, அந்தத் தராசில் என் புத்தகங்கள் ஏறியிருக்கின்றன.

எண்பதுகளில் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நம் மாவட்டத்துச் சிவகாசி என்றால் ஊருக்கெல்லாம் பட்டாசும் காலண்டரும்தான் ஞாபகம் வரும். நமக்கு மூன்றாவதாக ஒன்று இருந்தது. 1972-இல் முத்து காமிக்ஸ், 1984-இல் லயன் காமிக்ஸ், இரண்டும் அங்கிருந்துதான் வந்தன. அதே 1984-இல் சென்னையிலிருந்து ராணி காமிக்ஸ். இதையெல்லாம் நான் ஒரு தகரப் பெட்டியில் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். இரும்புக்கை மாயாவி, மாடஸ்டி, ஜேம்ஸ் பாண்ட், முகமூடி வேதாளர் எல்லோரும் ஒரே பெட்டியில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தினார்கள்.

அந்த வருஷம் முழுப் பரீட்சையில் கணக்கு காலை வாரியது. மார்க்கைச் சொல்ல மாட்டேன், என் மகன் கூட்டத்தில் இருக்கிறான். அம்மா ஒன்றும் திட்டவில்லை. அதிலேயே நான் உஷாராகி இருக்க வேண்டும். விளையாடிவிட்டு வந்து பார்த்தால் கட்டிலுக்கு அடியில் பெட்டி இருக்கிறது, பெட்டிக்குள் ஒன்றுமில்லை. அடுப்படியில் புதிதாகப் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். உலகத்தை அணுகுண்டிலிருந்து காப்பாற்றியவர் ஒருவர். கடற்கொள்ளையரை ஒழித்தவர் ஒருவர். இங்கிலாந்து ராணிக்காக உயிரைப் பணயம் வைத்தவர் ஒருவர். இத்தனை பேரையும் சேர்த்து நிறுத்தால் ஒரு குடம். அதுவும் மூடி இல்லாத குடம்!

ஓடினேன். பழைய பேப்பர்க்கார அண்ணாச்சியைத் தேடிச் செருப்புப் போடாமல் ஓடினேன். பூக்கட்டுகிற அக்காவிடம் கேட்டேன், "இப்பத்தான் போனாரு" என்றார். டீக்கடையில் கேட்டேன், "இப்பத்தான் போனாரு" என்றார்கள். பிள்ளையாரிடம் கேட்டிருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார். கோவிலுக்குப் பின்னால் வேப்பமரம். அதன் அடியில் மூன்று சக்கர வண்டி. தராசு தனியாகத் தொங்குகிறது. ஆளைக் காணோம். சுற்றிப் போய்ப் பார்த்தால், மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து அண்ணாச்சி படித்துக்கொண்டிருக்கிறார். கையில் என் மாயாவி.

"அண்ணாச்சி, அது என் புக்கு" என்றேன், மூச்சிரைக்க.

அவர் தலையைத் தூக்கவில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கினார். "இரு தம்பி. கரண்ட்ல கை வைக்கப் போறான்."

மாயாவியைத் தெரியாத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். 1962-இல் இங்கிலாந்தில் ஒரு வாரப் பத்திரிகையில் பிறந்தவர். ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். அந்தக் கட்டத்துக்கு அண்ணாச்சி வந்திருக்கிறார். ஆனால் அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். "மி... ன்... சா..." ஒரு வசனப் பலூனைத் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. எனக்கோ மனப்பாடமான கதை. பொறுக்க முடியாமல், "மறைஞ்சுருவான் அண்ணாச்சி, கை மட்டும் தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

புத்தகத்தைப் படாரென்று மூடினார். "கதையச் சொல்லாதன்னா! நான் காசு குடுத்து வாங்கிருக்கேன்லா?"

நியாயம்தானே? காசு கொடுத்து வாங்கியவர் அவர்தான். கிலோ கணக்கில் வாங்கினாலும் வாசகர், வாசகர்தான்.

அப்புறம் அவராகவே, "சரி, நீ வாசி, சத்தமா வாசி" என்று புத்தகத்தை என்னிடம் நீட்டினார். நான் வண்டி மேல் ஏறி உட்கார்ந்து வாசித்தேன். ஐஸ்காரர் பெட்டியை நிறுத்திவிட்டு வந்தார். டீக்கடையிலிருந்து ரெண்டு பேர் வந்தார்கள். டுமீல் என்று வருகிற இடத்தில் நான் டுமீல் என்று கத்த, மரத்தில் இருந்த காக்கா எல்லாம் பறந்தது. வில்லனுக்கு ஒரு குரல், மாயாவிக்கு ஒரு குரல். அந்த நேரம் பார்த்து, பிள்ளையைக் காணோமே என்று தேடிக்கொண்டு அம்மா வந்தாள். இடுப்பில் அதே பச்சைக் குடம்!

பார்க்கிறாள். பெற்ற பிள்ளை பழைய பேப்பர் வண்டி மேல் உட்கார்ந்து நாலைந்து ஆம்பிளைகளுக்குக் கதாகாலட்சேபம் நடத்துகிறான். "பாடப் புத்தகத்தை வாசின்னா வாய்க்குள்ளேயே முணுமுணுப்ப. இந்தச் சத்தம் இத்தனை நாளா எங்கடா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

நடுவர் அவர்களே, எங்கள் அணியின் முழு வாதமும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. ஆனால் கதை இன்னும் முடியவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கேட்டோம். அண்ணாச்சி குடத்தைத் திருப்பிக் கேட்டார். அம்மாவோ தண்ணீர் பிடித்தாகிவிட்டது என்றாள். கடைசியில் பேச்சுவார்த்தை நடந்து, அண்ணாச்சி ஒவ்வொன்றாகப் படித்து முடித்துத் திருப்பித் தருவதாக ஒப்பந்தம் ஆனது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற மனிதர், எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று பாருங்கள்! முதலில் வந்ததற்கும் கடைசியில் வந்ததற்கும் நடுவில் அவர் எழுத்துக்கூட்டுவதை நிறுத்தியே விட்டார். மற்ற வீடுகளில் எடைக்கு வருகிற கட்டுகளைப் பிரித்து, காமிக்ஸ் இருந்தால் தனியாக எடுத்து வைத்து எனக்குக் கொண்டுவரவும் ஆரம்பித்தார். "தம்பி, இது உங்கிட்ட இல்லாத நம்பர்" என்பார்.

பேராசிரியர் ஐயா, என் வீட்டில் தராசு இல்லை என்றீர்கள். என் வீட்டில் இருப்பதில் பாதி, தராசிலிருந்து இறங்கி வந்ததுதான்.

எடைக்குப் போடுவதைப் பற்றி உலகக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 1938-இல் அமெரிக்காவில் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் வந்தது. சூப்பர்மேன் முதன்முதலில் தலைகாட்டியது அதில்தான். விலை 10 சென்ட். 2024-இல் அதன் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஏன் அவ்வளவு? மிச்சம் இருப்பது கொஞ்சம் என்பதால். ஏன் கொஞ்சம்? இரண்டாம் உலகப் போரில் பழைய காகிதம் திரட்டியபோது ஏராளமான காமிக்ஸ் கூழாகப் போயின. தப்பியதில் பலவற்றை அந்த ஊர் அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். ஆக, ஊர் முழுக்கத் தராசில் போட்டதால்தான் போடாதவனிடம் இருப்பதற்கு இந்த மதிப்பு. எதிரணிக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இதற்காகக் காசு பார்க்கலாம் என்று பிள்ளைகளைக் காமிக்ஸ் சேர்க்கச் சொல்லாதீர்கள். கண்ணாடித்தாளில் சுற்றிப் பீரோவில் பூட்டி, பெற்ற பிள்ளையைக்கூடத் தொடவிடாத அப்பாக்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் எங்கள் அணி இல்லை. பேராசிரியர் தாராளமாக அழைத்துக்கொள்ளலாம்.

எதிரணிச் சகோதரி, காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கும் என்றார். அம்மா, இதே பட்டிமன்றம் 1954-இல் அமெரிக்க செனட்டிலேயே நடந்தது. வெர்தாம் என்ற மனநல மருத்துவர் நீங்கள் சொன்னதையேதான் சொன்னார். பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாட்டு விதி எழுதிக்கொண்டார்கள். பிள்ளைகள் அதற்குப் பிறகும் படித்தார்கள். சொல்லி நிறுத்த முடிகிற விஷயமா இது?

படம் போட்டுக் காட்டிவிட்டால் கற்பனை செத்துப்போகும் என்றும் ஒரு வாதம் வந்தது. ஒரு படக் கட்டத்தில் வில்லன் துப்பாக்கியை நீட்டுகிறான். அடுத்த கட்டத்தில் வெறும் பறவைகள் பறக்கின்றன. நடுவில் விரல் அகலத்துக்கும் குறைவாக வெள்ளை இடைவெளி. குண்டு யார் மேல் பாய்ந்தது? அந்த இடைவெளியில் எதுவுமே வரையப்படவில்லை, ஐயா. எட்டு வயதுப் பிள்ளை அதைத் தன் தலைக்குள் வரைந்துகொண்டுதான் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. இதற்கு மேல் என்ன கற்பனை வேண்டும்?

பிள்ளைகளை எப்படித்தான் இதற்குள் இழுப்பது என்று வாசலில் ஒருவர் கேட்டார். இழுக்காதீர்கள். அவர்கள் கைக்கு எட்டுகிற தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுங்கள். படித்து முடித்ததும், "கதையின் நீதி என்ன, ரெண்டு வரியில் சொல்லு" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், ஜென்மத்துக்கும் தொடமாட்டான். இதழ் எண் பார்த்து அடுக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு எண் விட்டுப்போயிருந்தால் பிள்ளைக்குத் தூக்கம் வராது. அந்த ஒன்றைத் தேடிப் பழைய புத்தகக் கடைக்கு உங்களைக் கையைப் பிடித்து அவனே இழுத்துக்கொண்டு போவான். நண்பனோடு மாற்றிக்கொள்ளட்டும், பேரம் பேசட்டும், ஏமாறட்டும். சேர்ப்பதில் பாதி சுகம் அதுதான்.

இனி வாதம் இல்லை. வீட்டு விஷயம் ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

என் அம்மா மூன்றாவது வகுப்போடு நின்றவள். நாளேட்டில் அவள் விடாமல் படித்தது தினத்தந்தியின் கன்னித்தீவு ஒன்றுதான். மூன்று கட்டம், நாலு வரி, பெரிய எழுத்து. சிந்துபாத் ஊர் போய்ச் சேர்ந்தானோ இல்லையோ, அவனைத் தொடர்ந்து போனதில் என் அம்மாவுக்குப் படித்த எழுத்து மறக்காமல் இருந்தது. என் மகன் ஆங்கில வழியில் படிக்கிறான். தமிழ் பேசுவான், படிக்கச் சொன்னால் ஓடுவான். போன வருஷம் விடுமுறையில் இவனையும் அம்மாவையும் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் வேலைக்குப் போகவேண்டி வந்தது. அவன் ஒரு லக்கி லூக் புத்தகத்தை எடுத்துப் படம் பார்த்திருக்கிறான். தன் நிழலை விட வேகமாகச் சுடுகிறவன் லக்கி லூக். "அப்பத்தா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டிருக்கிறான். நாலு பேர் முன்னால் வாசிக்கக் கூச்சப்பட்டே வாழ்ந்தவள் அவள். பேரன் முன்னால் என்ன கூச்சம்? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கு அடியில் விரலை வைத்து வாசித்திருக்கிறாள். அவளுக்கு எழுத்து தெரியும், யார் எந்த ஊர் என்று புரியாது. இவனுக்குக் குதிரை, சிறை, கொள்ளைக்காரன் எல்லாம் புரியும், எழுத்து தெரியாது. ரெண்டு பேரும் ஒரே வேகம். வேறு எந்தப் புத்தகமாக இருந்தாலும் இதில் ஒருவர் பாதியில் எழுந்து போயிருப்பார்.

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது என் வீட்டுக்காரம்மா ஒரு கட்டு காமிக்ஸைத் தூக்கி வாசலில் வைத்தாள். பழைய பேப்பர்க்காரர் வருகிற நேரம். அந்தக் காலத்தில் என் பெட்டியைக் காலி செய்த அதே அம்மா வாசலுக்குப் போய், "அதுல கை வைக்காத தாயி, நானும் எம் பேரனும் இன்னும் படிச்சு முடிக்கல" என்று சொல்லி ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வந்தாள். போன மாதம் அவளுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கொஞ்ச நாளைக்குக் கண்ணைச் சிரமப்படுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னார். இப்போது அவன்தான் வாசிக்கிறான். தமிழில், எழுத்துக்கூட்டாமல். "டுமீல்" வந்தால் மட்டும் அப்பத்தாவும் சேர்ந்து கத்துகிறாள்.

இதில் என்ன வாதம் என்று நடுவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மணியும் அடித்துவிட்டார்.

பேராசிரியர் ஐயா, உங்களுக்காக ஒரு மாயாவி கொண்டுவந்திருக்கிறேன். இன்று ராத்திரி படித்துவிட்டு நாளைக்குக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் குடம் தேவைப்பட்டால் சொல்லுங்கள், அதை நான் தனியாக வாங்கித் தருகிறேன்.