நான்குக்கு ஒன்று: சடுதிமாற்றங்களில் தந்தையின் பங்கும் தாயின் பங்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் டி.என்.ஏ.விலும் தாயிடமும் இல்லாத, தந்தையிடமும் இல்லாத எழுத்துகள் சில இருக்கின்றன. சராசரியாக 60 முதல் 70. தாய் கொடுத்தது 300 கோடி எழுத்து, தந்தை கொடுத்தது 300 கோடி எழுத்து. அந்த 600 கோடியில் அறுபது எழுபதுதான் புதிது. இவற்றைத்தான் சடுதிமாற்றங்கள் என்கிறோம். பெரும்பாலானவை மரபணு எதுவும் இல்லாத வெற்றிடங்களில் விழுகின்றன. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. புரதம் செய்யும் பகுதியில் விழுவது ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ ஒன்று. ஆனால் பரிணாமத்தின் முக்கியமான மூலப்பொருள் இந்தச் சிறு மாற்றங்கள்தான்.

அந்த அறுபது எழுபதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தந்தையின் விந்தணுவில் வந்தவை. தாயின் கருமுட்டையில் வருவது ஐந்தில் ஒன்று. இந்த நான்குக்கு ஒன்று என்ற கணக்கை எப்படிக் கண்டுபிடித்தார்கள், அதற்கு என்ன காரணம் சொன்னார்கள், அந்தக் காரணம் இப்போது ஏன் ஆட்டம் கண்டிருக்கிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் இதை மோப்பம் பிடித்தவர் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன். டி.என்.ஏ.வின் வடிவமே தெரியாத காலத்தில், 1947-இல், வெறும் குடும்ப வரலாறுகளை வைத்துக்கொண்டு பிடித்தார். அவர் எடுத்துக்கொண்ட நோய் ஹீமோபிலியா. காயம் பட்டால் ரத்தம் சரியாக உறையாது. பழுது இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் காப்பாற்றிவிடும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, அதுவும் தாய் கொடுத்தது. அதனால் நோய் வருவது மகனுக்கு, கடத்துவது தாய்.

அக்காலத்தில் இந்த நோயுள்ள ஆண்கள் பலர் பிள்ளை பெறும் வயதுக்கு முன்பே இறந்துபோனார்கள். அப்படியானால் தலைமுறைக்குத் தலைமுறை இந்தப் பழுது குறைந்துகொண்டே போய், ஒரு நாள் இல்லாமலே போயிருக்க வேண்டுமே? போகவில்லை. இழந்த அளவுக்குப் புதிதாகப் பழுது முளைத்துக்கொண்டே இருக்கிறது. ஆணிலும் பெண்ணிலும் சம அளவில் முளைக்கிறது என்று வைத்துக்கொண்டால், நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது தாயின் கருமுட்டையிலேயே புதிதாக வந்திருக்க வேண்டும். அந்தத் தாய்மார்களின் உடலில் பழுது இருக்கக் கூடாது. ஹால்டேன் குடும்பங்களைப் பார்த்தார். நோயாளிகளின் தாய்மார்களில் ஏறக்குறைய எல்லோருமே பழுதைச் சுமப்பவர்களாக இருந்தார்கள். அப்படியானால் மாற்றம் நடந்தது ஒரு தலைமுறைக்கு முன்னால், தாயைப் பெற்ற தாத்தாவின் விந்தணுவில். ஆணின் சடுதிமாற்ற வேகம் பெண்ணைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு என்று எழுதினார். இருந்த தரவு கொஞ்சம், எண் கூடிப்போய்விட்டது. திசை சரி.

விக்டோரியா மகாராணியின் குடும்பத்தில் ஹீமோபிலியா இருந்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய மகன் லியோபோல்டுக்கு அந்த நோய். மகள்கள் வழியாக அது ரஷ்ய, ஸ்பானிய அரச குடும்பங்களுக்கும் போனது. ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளை ஆராய்ந்து, அது ஹீமோபிலியா பி வகை என்று 2009-இல் உறுதிசெய்தார்கள். விக்டோரியாவுக்கு முந்தைய தலைமுறையில் நோயின் தடயம் இல்லை. அவர் பிறந்தபோது அவருடைய தந்தை எட்வர்டுக்கு வயது 51. எட்வர்டின் விந்தணுவில்தான் மாற்றம் நடந்தது என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் சந்தேகம் அவர் பக்கம்தான் சாய்கிறது.

ஹால்டேனுக்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1987-இல், ஜப்பானைச் சேர்ந்த தகாஷி மியாதாவும் அவருடைய சகாக்களும் இதையே வேறு வழியில் கேட்டார்கள். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். அது எப்போதும் ஆண் உடலிலேயே வாழ்கிறது. எக்ஸ் குரோமோசோமோ, மூன்றில் இரண்டு பங்கு காலம் பெண்களிடமும் ஒரு பங்கு ஆண்களிடமும் கழிக்கிறது. ஆண் உடலில் மாற்றம் அதிகம் என்றால், இனங்கள் பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் ஆன பிறகு ஒய் அதிகமாகவும் எக்ஸ் குறைவாகவும் மாறியிருக்க வேண்டும். மற்ற குரோமோசோம்கள் நடுவில் நிற்க வேண்டும்.

வானொலியில் கணக்குப் போடுவது சொல்பவருக்கும் சோதனை, கேட்பவருக்கும் சோதனை. ஒரே ஒரு கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். சிம்பன்சியின் மரபணுத் தொகுதியை 2005-இல் மனிதனுடையதோடு ஒப்பிட்டபோது, ஒய் குரோமோசோமில் 1.9 சதவீத எழுத்துகள் வேறுபட்டிருந்தன, எக்ஸில் 0.94 சதவீதம், மொத்தச் சராசரி 1.23. ஒய்யின் மாற்றம் எக்ஸைப்போல் இரண்டு மடங்கு. இப்போது பெண்ணின் வேகம் 1, ஆணின் வேகம் 4 என்று வையுங்கள். ஒய்யின் வேகம் 4. எக்ஸின் வேகம், ஒன்றில் மூன்றில் இரண்டு பங்கும் நான்கில் மூன்றில் ஒரு பங்கும் கூட்டினால், 2. நான்கு, இரண்டின் இரண்டு மடங்கு. கணக்கு உட்கார்ந்துவிடுகிறது. நுணுக்கமான திருத்தங்கள் சில உண்டு, அவை விடையைச் சற்று அப்படியும் இப்படியும் நகர்த்தும். ஆனாலும் பல லட்சம் ஆண்டுகளின் பரிணாமம் சொல்லும் எண்ணும், இன்று பிறந்த குழந்தைகளில் எண்ணிப்பார்த்துக் கிடைக்கும் எண்ணும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

‘ஒய் குரோமோசோமே ஒரு விசித்திரம், அது வேகமாக மாறினால் ஆண் உடலைக் குற்றம் சொல்வானேன்’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் பறவைகளிடம் கிடைத்தது. பறவைகளில் தலைகீழ் ஏற்பாடு: சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. டபிள்யூ குரோமோசோம் ஆண் உடலுக்குள் போவதே இல்லை. ஆண் உடல்தான் காரணம் என்றால் டபிள்யூ மெதுவாக மாற வேண்டும். 1997-இல் சுவீடனைச் சேர்ந்த ஹான்ஸ் எல்லெக்ரென் குழு பார்த்தது. டபிள்யூ மெதுவாகத்தான் மாறியிருந்தது.

சரி, ஏன் இப்படி? பாடப்புத்தக விடை எளிமையானது. பெண் குழந்தை பிறப்பதற்கு முன்பே கருமுட்டை உருவாவதற்கான செல் பிரிவுகள் முடிந்துவிடுகின்றன. மொத்தம் இருபத்திரண்டு, இருபத்துநான்கு பிரிவுகள்தான். ஆணின் விந்தகத்திலோ, பருவமடைந்த பிறகு மூலச்செல்கள் ஏறத்தாழ 16 நாளுக்கு ஒரு முறை, ஆண்டுக்கு 23 முறை பிரிகின்றன. 20 வயதில் விந்தணு சுமார் 150 பிரிவுகளைத் தாண்டி வந்திருக்கும். 30 வயதில் 380. 40 வயதில் 610. ஒவ்வொரு பிரிவிலும் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்க எடுக்கப் பிழை கூடும்.

இதற்குச் சாட்சியும் இருந்தது. உயரம் குன்றும் அக்கான்ட்ரோபிளாசியா, கடைசியாகப் பிறந்த பிள்ளைகளிடம் அதிகம் தெரிகிறது என்று ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க் 1912-லேயே கவனித்திருந்தார். பிறப்பு வரிசையா, தாயின் வயதா, தந்தையின் வயதா என்று பிரித்துப்பார்த்து, தந்தையின் வயதுதான் என்று 1955-இல் காட்டினார் லயனல் பென்ரோஸ். 2017-இல் ஐஸ்லாந்தில் 1,548 குடும்பங்களில் தாய், தந்தை, பிள்ளை மூவரின் டி.என்.ஏ.வையும் முழுதாகப் படித்தபோது, தந்தையின் வயது ஓர் ஆண்டு கூடினால் 1.51 மாற்றம் கூடுவது தெரிந்தது. 20 வயதுத் தந்தைக்கும் 40 வயதுத் தந்தைக்கும் முப்பது மாற்றங்கள் வித்தியாசம்.

இங்கேதான் இடறுகிறது. 30 வயதில் விந்தணுவுக்கு 380 பிரிவு, கருமுட்டைக்கு இருபத்துச் சொச்சம். பதினைந்து மடங்கு. பிழைகளெல்லாம் படியெடுப்பதால்தான் என்றால், தந்தையின் பங்கு பதினைந்து மடங்கை நெருங்கியிருக்க வேண்டும், இருப்பது நான்கு. அதோடு, தந்தைக்கு வயதாக வயதாக இந்த விகிதம் ஏறிக்கொண்டே போக வேண்டும். அப்படியும் ஏறவில்லை. மோலி ப்ரெஸ்வோர்ஸ்கி குழுவின் 2019 கணக்குப்படி, பருவமடைந்த வயதை ஒட்டியே விகிதம் மூன்றைத் தொட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு பெரிதாக அசைவதில்லை. மேலும், ஐஸ்லாந்துத் தரவில் தாயின் வயதும் கணக்கில் வந்தது: ஆண்டுக்கு 0.37 மாற்றம். கருமுட்டை பிரியாமல்தானே காத்திருக்கிறது? எதையும் படியெடுக்காத இடத்தில் பிழை ஏன் கூடுகிறது?

பழைய சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஏட்டில் பிழை இரண்டு விதமாக வரும். எழுதுபவர் கைதவறி ஓர் எழுத்தை மாற்றிவிடுவது ஒன்று. பெட்டியில் சும்மா கிடந்த ஓலை செல்லரித்துப்போக, அடுத்து படியெடுப்பவர் அரித்த இடத்தை ஊகித்து நிரப்புவது இன்னொன்று. டி.என்.ஏ.வும் சும்மா இருக்கும்போதே அரிபடுகிறது. மீத்தைல் ஒட்டிய சைட்டோசின் எழுத்து தானாகவே தைமீனாக மாறிவிடுகிறது, ஆக்சிஜன் சார்ந்த வேதிப்பொருள்கள் இழையைத் தாக்குகின்றன, இழைகள் அறுபடுகின்றன. செல் இவற்றில் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடும், எல்லாவற்றையும் அல்ல. ஆணின் இனச்செல்களில், அதாவது விந்தணுக்களைத் தரும் செல்களில், இந்தச் சேதம் அதிகமாகவோ, பழுதுபார்ப்பு மந்தமாகவோ இருந்தால், பிரிவுகளின் எண்ணிக்கை எவ்வளவானாலும் விகிதம் நிலையாக நிற்கும். எலியின் விந்தணுவும் கருமுட்டையும் பிரிவு எண்ணிக்கையில் இரண்டரை மடங்குதான் வேறுபடுகின்றன, மனிதனைப்போல் பதினைந்து மடங்கு அல்ல. ஆனால் ஆண்-பெண் சடுதிமாற்ற விகிதத்தில் இரு இனத்துக்கும் அத்தனை பெரிய இடைவெளி இல்லை. என் சாய்வு சேதத்தின் பக்கம்தான். ஆனால் ஆணின் இனச்செல்லில் சேதம் ஏன் அதிகம் என்பதற்குத் தெளிவான விடை யாரிடமும் இல்லை.

தாயின் பக்கம் எதுவும் நடப்பதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பல ஆண்டுகள் காத்திருந்த கருமுட்டையில் குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவது வயதோடு கூடுகிறது. டவுன் சிண்ட்ரோமில் உள்ள கூடுதல் 21-ஆம் குரோமோசோம் பத்தில் ஒன்பது நேரம் தாய் வழி வந்தது. எழுத்துப் பிழை தந்தையிடம் அதிகம், முழுப் பக்கமே கூடிப்போவது தாயிடம் அதிகம்.

அக்கான்ட்ரோபிளாசியாவுக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அது பொதுக்கணக்குக்குள் அடங்காத ஒன்று. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணுவில் ஏறத்தாழ எப்போதும் ஒரே இடத்தில்தான் மாற்றம் நடக்கிறது, ஏறத்தாழ எப்போதும் தந்தையிடம். சாதாரண இடத்தில் மாற்றம் நடக்கும் வேகத்தைப்போல் பல நூறு மடங்கு அடிக்கடி தெரிகிறது. மண்டையோட்டு எலும்புகள் முன்கூட்டியே இணைந்துவிடும் ஏபர்ட் நோய்க்குறியிலும் இதே கதை, எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 மரபணுவில். இதன் காரணத்தை ஆன் கோரியெலி, ஆண்ட்ரூ வில்க்கி போன்றவர்கள் 2003 முதல் தோண்டியெடுத்தார்கள். அந்த இடத்தில் மாற்றம் அடிக்கடி நடப்பதில்லை. அரிதாக நடக்கும் மாற்றம், அதைச் சுமக்கும் மூலச்செல்லுக்குப் பெருகும் வசதியைத் தந்துவிடுகிறது. அந்தச் செல் விந்தகத்துக்குள்ளேயே தன் அண்டைச் செல்களை முந்திக்கொண்டு பெருகி, திட்டுத்திட்டாகப் பரவுகிறது. விந்தகத்தைத் துண்டுதுண்டாக வெட்டிச் சோதித்தவர்கள் அந்தத் திட்டுகளைக் கண்டார்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தீங்கானது, பிறப்பிக்கும் உறுப்புக்குள் வெற்றி பெறுகிறது. இயற்கைத் தேர்வு உயிரினங்களுக்கு இடையில்தான் நடக்கும் என்று நினைப்பவர்களை இது சற்று உலுக்க வேண்டும்.

ஆண் பக்கச் சாய்வு எல்லா விலங்குக்கும் பொதுவா? முதுகெலும்புள்ள 68 இனங்களில் தாய், தந்தை, பிள்ளையின் டி.என்.ஏ.வைப் படித்த 2023-ஆம் ஆண்டு ஆய்வில், பாலூட்டிகளிலும் பறவைகளிலும் ஆணின் வேகம் அதிகமாக இருந்தது. ஊர்வனவற்றிலும் மீன்களிலும் அந்தச் சாய்வு தெரியவில்லை. தலைமுறைக்கு ஒரு முறை என்று பார்த்தால், இனத்துக்கு இனம் சடுதிமாற்ற வேகம் 40 மடங்கு வரை மாறியது.

பரிணாமத்தின் காலத்தைக் கணிக்க இது நேரடியாகத் தேவைப்படுகிறது. இரண்டு இனங்களின் டி.என்.ஏ. வேறுபாட்டை ஆண்டுக்கான மாற்ற வேகத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால், அவை பிரிந்த காலம் கிடைக்கும்; இரண்டு கிளைகளிலும் மாற்றம் சேர்வதால்தான் இரண்டு மடங்கு. இதை மூலக்கூறு கடிகாரம் என்பார்கள். தொல்லுயிர் எச்சங்களை வைத்து ஓர் எழுத்துக்கு ஆண்டுக்கு நூறு கோடியில் ஒன்று என்று வேகத்தை நிர்ணயித்திருந்தார்கள். குடும்பங்களில் நேரடியாக எண்ணத் தொடங்கியதும் அது ஏறத்தாழ பாதியாகிவிட்டது. அந்தப் பாதி வேகத்தை அப்படியே போட்டால், மனித, சிம்பன்சி டி.என்.ஏ.க்கள் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் வெகு முன்னால் விலகத் தொடங்கியிருக்க வேண்டும். இனம் பிரிவதற்கு முன்பே மூதாதையர் கூட்டத்துக்குள் இருந்த வேறுபாட்டைக் கழித்தாலும் எண் பெரிதாகத்தான் நிற்கிறது. ஆணின் இனச்செல்களில் மாற்றம் சேரும் வேகம் பருவமடைவதற்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று. அதனால் மூதாதைக் குரங்கினத்தில் ஆண் எந்த வயதில் பருவமடைந்தது, எந்த வயதில் தந்தையானது என்பதைப் பொறுத்துக் கடிகாரம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடியிருக்கும். பருவமடைந்த வயதைப் பற்களின் வளர்ச்சிக் கோடுகளிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். தந்தையான வயதுக்கு எலும்பில் எந்தத் தடயமும் இல்லை.

நன்றி, வணக்கம்.