மகாலின் சுண்ணாம்பு: காற்றில் போன 44 கிலோ

[காட்சி: கரும்பலகை. சாக்பீஸில் 100, அதன் கீழே 56.]

சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைக் காளவாயில் போட்டுச் சுட்டால், 56 கிலோதான் மிஞ்சும். மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடுகிறது. சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். மிஞ்சுகிற வெள்ளைக் கட்டிதான் சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. பள்ளிக்கூடத்தில் இந்தச் சமன்பாட்டை மதிப்பெண்ணுக்காக எழுதிவிட்டுக் கடந்து வந்திருப்போம்.

நான் மதுரையில் வேதியியல் படிக்கிற மாணவன். காற்றில் போன அந்த 44 கிலோ திரும்பி வந்து சேர்ந்த ஓர் இடம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

[காட்சி: திருமலை நாயக்கர் மகால். முற்றத்திலிருந்து தூண்கள், மெதுவாக மேலே வளைவுகள்.]

1636-ஐ ஒட்டி எழுந்த அரண்மனை. அன்று இருந்ததில் கால் பங்குதான் இன்று நிற்கிறது என்கிறார்கள். ஒருவரால் கட்டிப் பிடிக்க முடியாத பருமனில் தூண்கள். அவற்றுக்கு மேலே வளைவுகள், வளைவு முழுக்க இலையும் கொடியுமாக வேலைப்பாடு. முதல்முறை பார்க்கிறவர்கள் கல்லில் செதுக்கியது என்றே நினைப்பார்கள். அது செங்கல் கட்டுமானத்தின் மேல் சுண்ணாம்புச் சாந்தை அப்பி, கையால் வடித்த சுதை வேலை. மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களில் நிற்கிற பொம்மைகளும் சுதைதான். வண்ணம் பூசியிருப்பதால் சுண்ணாம்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

[காட்சி: தொட்டியில் சுண்ணாம்பு கொதிப்பது. திரையில் எச்சரிக்கை: வீட்டில் செய்ய வேண்டாம், கண்ணில் பட்டால் பார்வை போகும்.]

சரி, சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடுப்பே இல்லாமல் தொட்டி தளபுளவென்று கொதிக்கும். 56 கிலோ, 18 கிலோ தண்ணீரைப் பிடித்துக்கொண்டு 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகிறது. இதை மணலோடு சேர்த்துச் செக்கில் மாடு கட்டி அரைப்பார்கள். வெண்ணெய் பதம் வரும்வரை அரைக்க வேண்டும்.

அப்புறம் சேர்மானங்கள். கடுக்காய் ஊறிய தண்ணீர், கருப்பட்டி, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. இவற்றைப் பாட்டி வைத்தியம் மாதிரி ஒதுக்கிவிடக் கூடாது. வெறும் தண்ணீரில் சுண்ணாம்பு மிகக் கொஞ்சம்தான் கரையும், லிட்டருக்கு 2 கிராம்கூடத் தேறாது. சர்க்கரை கலந்த தண்ணீரில் பல மடங்கு கரையும். கருப்பட்டிக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. வெள்ளைக்கருவில் இருக்கும் புரதம் படிகங்கள் பொடியாகவும் நெருக்கமாகவும் வளர உதவுகிறது. பளபளப்பு அங்கிருந்து வருகிறது.

[காட்சி: பள்ளி ஆய்வகம். நான் வார்த்த சாந்துக் கட்டியை உடைத்து, பினாப்தலீன் சொட்டுவது.]

இந்தப் பரிசோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. இது கொஞ்ச நாளுக்கு முன் வார்த்த சாந்துக் கட்டி. உடைத்து, காரம் இருந்தால் ரோஸ் நிறம் காட்டுகிற பினாப்தலீன் விட்டால், நடுவில் அடர்ந்த ரோஸ் நிறம். ஓரத்தில் மட்டும் நிறமே இல்லை, வெள்ளையாகவே நிற்கிறது. ரோஸ் இருக்கிற இடம் இன்னும் நீற்றுச் சுண்ணாம்பு. வெள்ளை விளிம்பு, காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி சுண்ணாம்புக்கல் ஆகிவிட்ட பகுதி. 74 கிலோ முழுவதும் இப்படி மாறி முடித்தால், 44 கிலோவை உள்ளே வாங்கி, 18 கிலோ தண்ணீரை வெளியே விட்டு, சரியாக 100 கிலோவில் வந்து நிற்கும்.

ஆனால் காற்றின் 10,000 பங்கில் இந்த வாயு 4 பங்கு சொச்சம்தான். நாயக்கர் காலத்தில் 3 பங்குகூடக் கிடையாது. அதனால் சுண்ணாம்பு அவசரப்படுவதே இல்லை. வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கல்லாகும்.

நான் சொல்ல வந்ததே இதுதான். சிமெண்ட் தண்ணீர் பட்டதுமே உள்ளுக்குள் வேலையை ஆரம்பித்துவிடும். சாதாரண சிமெண்ட் இறுகத் தொடங்கக் குறைந்தது 30 நிமிடம், இறுகி முடிய அதிகபட்சம் 10 மணி நேரம் என்று தரவிதியே இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்தோ, கல்லாக மாறும்வரை, நனைத்தால் மறுபடி இளகும். ஓர் இலையின் நரம்பு சரியாக வரவில்லையென்றால் வழித்துவிட்டுத் திரும்பப் போடலாம். நேற்று முடித்த வளைவை இன்று பார்த்துத் திருத்தலாம். மகாலின் அந்தக் கொடிகளில் தெரிகிற நிதானம் கைத்திறன் மட்டும் கொடுத்ததில்லை. 10,000-க்கு 3 பங்குகூட இல்லாத ஒரு வாயு கொடுத்த அவகாசமும் அதில் இருக்கிறது.

பிளஸ் ஒன் சேரும்போது சயின்ஸ் குரூப்பா, ஆர்ட்ஸ் குரூப்பா என்று நம்மைக் கேட்கிறார்கள். அந்த வளைவைச் செய்த கொத்தனார் எந்தக் குரூப்? பதம் பார்த்தது, செக்கு ஓட்டியது, கொடியை வளைத்தது எல்லாம் ஒரே பட்டறை ஆட்கள்தான். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாமல் போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

[காட்சி: தூணில் கிறுக்கிய பெயர்கள், அருகில்.]

இந்தக் கிறுக்கல்கள் கீறுவது அந்த மேல்பூச்சைத்தான். அதைச் சிமெண்ட் வைத்து அடைக்கவும் முடியாது. சிமெண்ட் விறைப்பானது, சுவர் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தேங்குகிற ஈரமும் உப்பும் பக்கத்துப் பழைய பூச்சைப் பொரிந்து விழ வைக்கும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் போட வேண்டும்.

உங்கள் வீட்டிலும் தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர் இருந்து, மேலே சிமெண்ட் பூசிவிடலாம் என்று பேச்சு வந்தால் கொஞ்சம் பொறுங்கள். சுண்ணாம்பு நீற்றி அரைக்கத் தெரிந்த கொத்தனார் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். கிடைத்தால் அவர் வேலை செய்யும்போது கூடவே நின்று, பதம் எப்படிப் பார்க்கிறார் என்பதைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.