ஜெனரல் ஜவ்வரிசியும் 3487 கர்னல்களும்

எல்லாருக்கும் வணக்கம். என்ன தலைப்புல வேணா பேசுங்கன்னு வானொலி நிலையத்துல சொல்லிட்டாங்க, அப்படி விட்டா இந்தாளு காமிக்ஸ் பத்திதான் பேசுவான்னு அவங்களுக்கு தெரியல, பாவம். டின்டின் தெரியும்ல உங்களுக்கு? நெத்திக்கு மேல முடி மட்டும் தூக்கிட்டு நிக்கும், கூடவே ஸ்னோயின்னு ஒரு வெள்ளை நாய். பெல்ஜியம்காரர் ஹெர்ஜே வரைஞ்சது, 1929ல ஒரு பேப்பரோட குழந்தைகள் இணைப்புல ஆரம்பிச்ச தொடர்.

சின்ன வயசுல நான் அதை நாய்க்காகவும், டின்டினோட கூட்டாளி கேப்டன் ஹேடாக் திட்டுற திட்டுக்காகவும்தான் படிச்சேன். ரொம்ப வருஷம் கழிச்சு திரும்ப எடுத்தப்போதான், அட இந்த மனுஷன் சிரிப்பு காட்டிக்கிட்டே வேற ஒரு வேலையும் பாத்துருக்காரேன்னு உறைச்சுது. அதுல எனக்கு ரொம்ப புடிச்சது சான் தியோடோரோஸ்னு ஒரு நாடு. மேப்ல தேடாதீங்க, இருக்காது. தென் அமெரிக்காவுல இருக்கறதா ஹெர்ஜேவே உருவாக்குன நாடு.

அங்க ரெண்டு ஜெனரலுங்க. ஒருத்தர் அல்கசார், இன்னொருத்தர் டாபியோகா. அல்கசார்னா ஸ்பானிஷ்ல கோட்டை, பேரே கம்பீரமா இருக்கு. டாபியோகான்னா என்ன தெரியுமா? ஜவ்வரிசி! நாம பாயசத்துல போடுறோமே அதேதான். கோட்டைக்கும் ஜவ்வரிசிக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட நாடுன்னு வெச்சுக்கோங்க. காலைல இவர் ஆட்சி, மத்தியானம் அவர் ஆட்சி, யாரை வாழ்கன்னு சொல்லணும்னு ஜனங்களுக்கே குழப்பம்.

இவங்க ரெண்டு பேரோட பேரும் மொதல்ல வர்ற கதை காது உடைஞ்ச ஒரு மரச்சிலையை தேடி போற கதை, 1935 டிசம்பர்லேர்ந்து 1937 வரைக்கும் வாராவாரம் வந்துச்சு. டின்டினை சுட்டுக்கொல்ல சுவத்தோரம் நிறுத்திடுறாங்க, அந்த நேரம் பாத்து புரட்சி, ஆட்சி மாறிடுச்சுன்னு ஒரு சேதி, கொஞ்ச நேரத்துல இல்ல இல்ல பழையவரே வந்துட்டாருன்னு இன்னொரு சேதி, இதுக்கு நடுவுல நம்ம ஹீரோவுக்கு சாராயம் வேற ஊத்தி விட்டுடுறாங்க, அவரும் போதைல அல்கசார் வாழ்கன்னு கத்தி வெக்கிறாரு. அவ்ளோதான், ஜெயிச்சு வந்த அல்கசார் குளுந்து போய் இவரை கர்னல் ஆக்கிட்டாரு! பக்கத்துல நிக்கிற டயஸ்ங்கற கர்னல் மெதுவா சொல்றாரு, ஐயா நம்மகிட்ட ஏற்கனவே 3487 கர்னல் இருக்காங்க, அதுக்கு ரொம்ப கீழ இருக்கற கார்ப்பரல் வெறும் 49 பேர்தான், இவரை கார்ப்பரல் ஆக்குனா என்னன்னு. ஜெனரல் என்ன பண்ணாரு தெரியுமா? அப்படியா, கார்ப்பரல் பத்தலையா, சரி அப்போ நீ கார்ப்பரலா இருன்னு அந்த டயஸையே இறக்கி விட்டுட்டாரு. உண்மையை சொன்ன ஒரே ஆளு போய் சதிகாரங்களோட சேந்து, குண்டு வெக்க கிளம்பிட்டாரு. ஒரு சர்வாதிகாரி தனக்கு எப்படி எதிரியை உருவாக்கிக்கிறான்னு ரெண்டே பக்கத்துல சொல்லிட்டாரு பாருங்க ஹெர்ஜே.

இதெல்லாம் கற்பனை காமெடி. அடுத்து வர்றது அப்படி இல்ல. பக்கத்து நாடு நுவோ ரிக்கோ, நடுவுல கிரான் சாப்போன்னு ஒரு பாலைவனம், அங்க எண்ணெய் இருக்குன்னு பேச்சு. ஒரு அமெரிக்க எண்ணெய் கம்பெனி ஏஜென்ட் வந்து, நீங்க அந்த நிலத்தை புடிச்சிட்டா லாபத்துல உங்களுக்கும் பங்குண்டுன்னு அல்கசார்கிட்ட பேரம் பேசுறான். அந்த பக்கம் ஒரு இங்கிலீஷ் கம்பெனி. சண்டை ஆரம்பம். அந்த காலத்து வாசகனுக்கு இது எதுன்னு சொல்லவே தேவையில்ல, ஏன்னா 1932லேர்ந்து 1935 வரைக்கும் பொலிவியாவும் பராகுவேயும் சாகோங்கற வறண்ட நிலத்துக்காக நெசமாவே அடிச்சுக்கிட்டாங்க, பல்லாயிரக்கணக்குல செத்தாங்க. பொலிவியா பின்னாடி ஸ்டாண்டர்ட் ஆயில், பராகுவே பின்னாடி ராயல் டச் ஷெல்னு அப்போ ஊரெல்லாம் பேச்சு. சாகோவுல ஒரு எழுத்தை மாத்தி சாப்போ, அவ்ளோதான் மறைப்பு.

அதைவிட எனக்கு ஆச்சரியம் பசில் பசாரோவ். ஆயுத வியாபாரி. அல்கசார்கிட்ட பீரங்கி வித்துட்டு, நேரா பிளேன் ஏறி எதிரி நாட்டுக்கு போய், அதே பீரங்கியை அதே எண்ணிக்கைல அங்கயும் விக்கிறாரு. ரெண்டு எடத்துலயும் அதே சிரிப்பு, அதே கைகுலுக்கல். நெஜத்துல பசில் சகரோவ்னு ஒருத்தர் இருந்தாரு, விக்கர்ஸ் கம்பெனி சார்பா ஆயுதம் வித்தவர், அதுக்கு முன்னாடி நார்டன்ஃபெல்ட் கம்பெனில இருந்தப்போ கிரீஸுக்கு ஒரு நீர்மூழ்கி வித்துட்டு, அடுத்து துருக்கிக்கு ரெண்டு வித்தவர். பேர் கூட பெருசா மாத்தல, உருவமும் அப்படியே. அந்த சகரோவ் 1936 நவம்பர்ல செத்தாரு, தொடர் அப்போ ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு! குழந்தைங்க படிக்கிற பக்கத்துல இதை போட விட்டாங்களேன்னு நெனச்சா இன்னும் ஆச்சரியமா இருக்கு.

1938ல ஹிட்லர் ஆஸ்திரியாவை முழுங்குன வருஷம், சில்டாவியாங்கற குட்டி நாட்டை பக்கத்து போர்டூரியா முழுங்கப் பாக்குற கதையை ஹெர்ஜே ஆரம்பிச்சாரு. சதிக்கு தலைவன் பேரு முஸ்ட்லர், முசோலினி பாதி ஹிட்லர் பாதி. அப்புறம் ஐம்பதுகள்ல வந்த கதைல அதே போர்டூரியாவுக்கு ஒரு மீசைக்கார தலைவர், கார் பம்பர்ல கூட மீசைதான். பாத்தா சோவியத் சர்வாதிகாரி ஸ்டாலின் ஞாபகம் வரும்.

ஆனா ஒண்ணு சொல்லணும், அவரை சாமியாக்கி வெக்க எனக்கு இஷ்டமில்ல. ஜெர்மன்காரன் பெல்ஜியத்தை புடிச்சு வெச்சிருந்தப்போ அவன் கட்டுப்பாட்டுல இருந்த லெ சுவார் பேப்பர்ல ஹெர்ஜே வரைஞ்சாரு, அதுல ஒரு கதைல பணக்கார வில்லனை யூதனா கேலியா வரைஞ்சு வெச்சாரு, அப்புறம் பேரை மாத்துனாங்க, படம் படமாத்தான் இருக்கு. 1944ல விடுதலைக்கு அப்புறம், அந்த பேப்பர்ல வேலை பாத்ததுக்காக கைதும் ஆனாரு. முஸ்ட்லரை வரைஞ்ச அதே கை. இதை எப்படி எடுத்துக்கறதுன்னு எனக்கு இன்னும் புடிபடல.

சரி, ஜவ்வரிசிக்கு வருவோம். 1976, ஹெர்ஜே முடிச்ச கடைசி டின்டின் புத்தகம். நாப்பது வருஷம் ஆச்சு, ரெண்டு ஜெனரலும் இன்னும் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. இப்போ டாபியோகா நாற்காலில, போர்டூரியா அவருக்கு துணை. அல்கசார் காட்டுல, அவருக்கு காசு குடுக்கறது ஒரு வாழைப்பழ கம்பெனி. ரத்தம் சிந்தாம பண்றதா இருந்தா உதவுறேன்னு டின்டின் நிபந்தனை போடுறான், கார்னிவல் திருவிழா கூட்டத்துக்குள்ள வேஷம் கட்டி நுழைஞ்சு அரண்மனையை புடிச்சிடுறாங்க. இப்போ பாருங்க கூத்தை, தோத்த டாபியோகா என்னை சுடுங்கன்னு கெஞ்சுறாரு! சுடாம விட்டா அசிங்கமாம், பாரம்பரியம் என்னாவறதாம். அல்கசாரும் என்ன பண்றது, இந்தப் பையன்கிட்ட வாக்கு குடுத்துட்டேனேன்னு சங்கடப்படுறாரு.

எல்லாம் முடிஞ்சு நம்ம ஆளுங்க பிளேன் ஏறிட்டாங்க. கடைசி பக்கத்துல கீழ ஒரு சேரி, தகரக் கொட்டாய், குப்பை, ரெண்டு போலீஸ்காரங்க லத்தியோட நடந்து போறாங்க. இதே சேரி கதை ஆரம்பத்துலயும் வருது. அப்போ அங்க இருந்த போர்டுல டாபியோகா வாழ்க, இப்போ அல்கசார் வாழ்க. போலீஸுக்கு புது யூனிஃபார்ம். குப்பை அப்படியேதான் கெடக்கு.