கல்லறைக்காக எழுதிய இசை

நண்பர்களே, வணக்கம்.

அஞ்சலிக் கச்சேரி என்றால் நமக்குத் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு. படத்துக்கு மாலை, நாலு பேர் புகழுரை, மறைந்தவரின் பிரபலமான உருப்படிகள் ஏழெட்டு, அப்புறம் நன்றியுரை. நான் இன்று பேச வந்த கச்சேரி அந்த வகை இல்லை. 1989 ஜூன் 3, நியூயார்க் லிங்கன் சென்டரின் ஆலிஸ் டல்லி அரங்கம். ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸ் இறந்து பத்து வருடம் ஆகிவிட்டது. அன்று வாசிக்கப்பட்டது, அவரே ஒரு தடவைகூட முழுதாகக் கேட்டிராத அவருடைய படைப்பு.

மிங்கஸ் 1922-இல் பிறந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தார். சிறுவயதில் செல்லோ படித்தார். மேற்கத்திய செவ்வியல் இசையில் கறுப்பருக்கு அன்று இடம் ஏது? ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பாஸுக்கு மாறினார். ஜாஸ் இசையமைப்பாளர், குழுத் தலைவர் டியூக் எலிங்டனைத் தெய்வமாகக் கொண்டாடியவர். அந்தத் தெய்வத்தின் குழுவில் சேர்ந்து, சண்டை போட்டு, வேலையும் போனது. ஆள் அப்படி!

1962 அக்டோபர் 12 அன்று, நியூயார்க் டவுன் ஹாலில் பெரிய குழுவை வைத்துத் தன் மகா படைப்பை அரங்கேற்றப் பார்த்தார். நேரம் போதவில்லை. மேடையிலேயே உட்கார்ந்து ஸ்வரத்தாள்களை நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்பே, தனக்காக நகலெடுத்துக்கொண்டிருந்த டிராம்போன் கலைஞர் ஜிம்மி நெப்பரின் வாயில் குத்திவிட்டார் மிங்கஸ். ஊதுகிறவனுக்கு வாய்தானே கை? மேதை என்பதற்காக இதை நான் மெழுகப் போவதில்லை. கச்சேரி பாழானது. தாள்கள் மூலைக்குப் போயின.

அந்தப் படைப்புக்கு அவர் வைத்த பெயர் ‘எபிடாஃப்’, அதாவது கல்லறை வாசகம். என் கல்லறைக்காக எழுதினேன் என்றார். கடைசியில் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் கைகளை முடக்கியது. வாசிக்க முடியாதபோது டேப் ரெக்கார்டரில் பாடிப் பாடி இசையமைத்தார். 1979 ஜனவரி 5 அன்று மெக்ஸிகோவில் இறந்தபோது வயது 56. மனைவி சூ மிங்கஸ் அவர் விருப்பப்படி அஸ்தியை நம் கங்கையில் கரைத்தார். கல்லறை வாசகம் எழுதியவருக்குக் கல்லறையே இல்லை.

தாள்கள் மட்டும் வீட்டில் கிடந்தன. ஆண்ட்ரூ ஹோம்ஸி என்ற இசையறிஞர் அவற்றைப் பட்டியலிடும்போதுதான், உதிரியாகக் கிடந்தவை எல்லாம் ஒரே படைப்பின் துண்டுகள் என்று புரிந்தது. கோர்த்துப் பார்த்தால் 4,000-க்கும் மேற்பட்ட இசை அளவைகள், நம் தாள ஆவர்த்தனம் மாதிரியான சிறு கட்டங்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீளம். இசையமைப்பாளர் கன்தர் ஷுல்லர் செப்பனிட்டு, அந்த 1989 கச்சேரியை நடத்தினார். முப்பது பேருக்கான இசை. டிரம்பெட்காரர்களில் ஒருவர் விண்டன் மார்சாலிஸ்.

பதிவைக் கேட்டால் நடுவில் சில இடங்கள் இழுக்கின்றன. எனக்கு அப்படித்தான் படுகிறது. ஆனால் ஜாஸ் என்றாலே மனோதர்மம், எழுதி வைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இதை ஒரு தடவை கேட்க வேண்டும். எழுதியது எங்கே முடிகிறது, கலைஞரின் கற்பனை எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அன்றைய டிராம்போன் வரிசையில் பிரிட் உட்மன் இருந்தார். வாட்ஸ் நாட்களிலிருந்தே மிங்கஸின் சிநேகிதர். 1962-இல் டவுன் ஹாலில் அந்தப் பாதி வெந்த கச்சேரியிலும் ஊதியவர். இப்போது 69 வயதை நெருங்கியிருந்தார். இந்த முறை அவருக்கு முன்னால் ஸ்வரத்தாள் முழுதாக இருந்தது.

சரி, விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். கேட்போம்.