பத்து நிமிட வாசிப்புப் பாடம்

குறுவள மையக் கூட்டத்திற்கு வந்திருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

இரண்டாம் வகுப்பில் 30 பிள்ளைகளை வைத்துக்கொண்டு 40 நிமிடப் பாடவேளை முழுவதும் ஒரே பாடத்தை முறைவைத்து வாசிக்கச் சொன்னால், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம்கூட இல்லை. மற்ற நேரமெல்லாம் அது அடுத்தவர் வாசிப்பைக் கேட்டபடி, பெரும்பாலும் கேளாமலே, உட்கார்ந்திருக்கிறது. எல்லாரையும் சேர்ந்து வாசிக்கச் சொன்னாலோ, முன்வரிசையின் குரலைப் பிடித்துக்கொண்டு பின்வரிசை ஒப்பித்துவிடுகிறது. ஆகவே, வகுப்பு முழுமைக்குமான வாசிப்புப் பாடம் 10 நிமிடத்தில் முடிய வேண்டும், அதில் ஒரே ஒரு செய்திதான் இருக்க வேண்டும் என்று வற்புறுத்த விரும்புகிறேன்.

ஒகரத்தை எடுத்துக்கொள்வோம். ‘கொடு’ என்ற சொல்லில் கண் முதலில் காண்பது ஒற்றைக்கொம்பு, அடுத்து ககரம், அதன் பின் கால். வாயோ ககர ஒலியில்தான் தொடங்கியாக வேண்டும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கப் பழகிய பிள்ளை இங்கே தடுமாறினால், அதை மந்தம் என்று சொல்லிவிடாதீர்கள். நம் எழுத்தின் அமைப்பே அப்படி இருக்கிறது. கொம்பைக் கண்டதும் சற்று நின்று, அடுத்த எழுத்தையும் அதற்குப் பின்னே கால் உண்டா என்பதையும் பார்த்த பிறகு வாய் திறக்க வேண்டும்: அன்றைய பாடம் இவ்வளவே. கரும்பலகையில் ‘கெடு, கொடு; பெறு, பொறு’ என்று எழுதி, விரல் வைத்து ஒருமுறை வாசித்துக் காட்டி, பிள்ளைகளை இருமுறை வாசிக்க வைத்து, ‘கொக்கு பொரி கொத்தியது’ என்ற ஒரு வாக்கியத்தோடு நிறுத்திவிடலாம்.

கொக்கு எங்கே வாழும், எதைத் தின்னும் என்று பேச்சை வளர்க்க நமக்கு ஆசை வரும். எனக்கும் வந்தது, கொக்கைப் பற்றிப் பேசிய நாளில் கொம்பு மறந்தே போயிற்று. அந்தப் பேச்சும் பிள்ளைகளுக்கு வேண்டியதே, ஆனால் அதற்குக் கதை நேரம் இருக்கிறது.

2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (மேல்நிலை) என்று பிரித்தது, ஒரே அறையில் மூன்று நிலைகள் இருப்பதை ஒப்புக்கொண்டதால்தான். எஞ்சிய 30 நிமிடங்கள் அந்த வேறுபாட்டுக்கு உரியவை. மலர் நிலையினர் தாமே கதைப் புத்தகம் வாசிக்கட்டும். மொட்டு நிலையினர் இருவர் இருவராக வாசிக்கட்டும். நீங்கள் அரும்பு நிலைப் பிள்ளைகள் நால்வரோடு தரையில் அமர்ந்து, ஒவ்வொருவர் வாசிப்பையும் காதுகொடுத்துக் கேளுங்கள். யார் கொம்பில் தயங்கினார், யார் காலைத் தவறவிட்டார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் 10 நிமிடத்தில் எதைச் சொல்வது என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யலாம்.