மாத்திரையைக் கையில் கொடுப்போம்

அன்பார்ந்த ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று, சொல்வதெழுதுதலில் ‘பாடம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘படம்’ என்று எழுதுகிறதே, அந்த விடுபட்ட துணைக்காலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 மாத்திரை என்று நம் இலக்கணம் அளவு சொல்கிறது. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் அந்த மாத்திரையை விளக்குகிறது. ஆக, நெடில் என்பது காலம். நாமோ அதைக் கரும்பலகையில் ஒரு வடிவமாக மட்டும் எழுதிக் காட்டிவிட்டு, பிள்ளையின் ஏட்டில் சிவப்பு மையால் சுழிக்கிறோம். காது பிரித்தறியாததைக் கை எப்படி எழுதும்?

நான் செய்து பார்த்தது மிக எளியது. குறிலுக்குத் தொடையில் ஒரு தட்டு. நெடிலுக்கு ஒரு தட்டும், அதைத் தொடர்ந்து உள்ளங்கையைத் திருப்பி ஒரு வீச்சும். ‘பல், பால், கல், கால், விடு, வீடு’ என்று ஒரே மெட்டில் வகுப்பு முழுவதும் பாட வேண்டும். (‘வீடு’ என்பதன் கடைசி உகரம் குறுகி ஒலிக்கும் குற்றியலுகர நுட்பமெல்லாம் இந்த வயதுக்கு வேண்டாம்.) சில வாரங்கள் கழித்து, எப்போதும் துணைக்காலை விட்டுவிடும் ஒரு மாணவன், எழுதுகோலை நிறுத்தி, இடக்கையால் தொடையைத் தட்டி, கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பிறகு துணைக்காலைப் போட்டான். எழுதும்போது அப்படிச் செய்யும்படி அவனுக்கு நான் சொல்லித் தரவில்லை.

கணக்குக்கும் இது உதவும். பாதி வகுப்பு ‘தகிட’ என்ற மூன்றெழுத்துத் தாளச் சொல்லையும், மறுபாதி ‘தகதிமி’ என்ற நான்கெழுத்துத் தாளச் சொல்லையும், எழுத்துக்கு ஓர் எண்ணிக்கையாக ஒரே வேகத்தில், ஒன்றாகத் தொடங்கித் திரும்பத் திரும்பச் சொல்லட்டும். 12 எண்ணிக்கை முடிந்து 13ஆவதில்தான் இரு அணியின் முதல் ‘த’வும் மறுபடி சேர்ந்து விழும். மூன்றுக்கும் நான்குக்கும் மீச்சிறு பொது மடங்கு என்னவென்று பின்னாளில் நாம் கேட்கும்போது, அந்தச் சேர்ந்த ஓசை குழந்தைக்கு நினைவில் இருக்கும். வாய்பாட்டை ராகம் போட்டுச் சொல்வதும் நல்லதே. ஆனால் ‘ஏழாறு எவ்வளவு’ என்றால் ஓரேழிலிருந்து பாடத் தொடங்கும் பிள்ளைக்கு மெட்டு மட்டும் போதவில்லை என்று பொருள்.

பின்னணியில் இசையை ஓடவிட்டால் அறிவு வளரும் என்ற பேச்சை நம்பாதீர்கள். 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, 36 கல்லூரி மாணவர்கள் மொசார்ட் இசையைப் பத்து நிமிடம் கேட்டபின் இடம், வடிவம் சார்ந்த தேர்வில் கண்ட சிறு முன்னேற்றத்தை மட்டுமே சொன்னது. அதுவும் கால்மணி நேரத்துக்குமேல் நிற்கவில்லை. குழந்தைகள் அந்த ஆய்வில் இல்லவே இல்லை.

‘எனக்குக் குரல் வராது’ என்று தயங்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். சுருதி சற்று விலகினால் பாதகமில்லை. வேகம் மட்டும் கூடவே கூடாது. கடைசி வரிசையில் ஒரு கை தாமதமாக விழுந்தால், வகுப்பின் தாளத்தை அந்தக் கையின் வேகத்துக்கு இறக்கி, அது சேரும்வரை ‘விடு, வீடு’ என்றே பாடிக்கொண்டிருங்கள்.