கையைக் கடிக்காமல் சிங்கப்பூர் பார்க்க முடியுமா?

அடுத்த கேள்வி தஞ்சாவூரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. "மே மாத விடுமுறையில் கணவர், எட்டு வயது மகன், மாமியாருடன் ஐந்து நாள் சிங்கப்பூர் வர நினைக்கிறோம். பயண ஏற்பாட்டாளர் சொல்லும் தொகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நாங்களாகவே வந்தால் செலவு குறையுமா? எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவில் அறை எடுத்துக்கொண்டு தினமும் வந்து போகலாம் என்கிறார்களே, சரியா?"

ஜோகூர் யோசனையை முதலிலேயே கைவிட்டுவிடுங்கள், சகோதரி. அங்கே அறை வாடகை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் இரு நாடுகளையும் இணைக்கும் பாலத்தின் இரு முனைகளிலும் குடிநுழைவுச் சோதனை உண்டு. விடுமுறை நாட்களில் அந்த வரிசை எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை உங்கள் மாமியாரை அங்கே கால்கடுக்க நிற்க வைத்து மிச்சப்படுத்தும் காசு எதற்கு?

நீங்களாகவே வந்தால் செலவு நிச்சயம் குறையும். இந்த ஊரில் பணத்தை விழுங்குவது தங்குமிடம்தான். அதற்கு மட்டும் மனமறிந்து கொடுத்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் உள்ளூர்க்காரர்கள் போகிற வழியிலேயே போங்கள். அறை சிறியதாக இருக்கட்டும், ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் இருக்கட்டும். லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் பக்கம் பாருங்கள். அங்கே மலிவான அறைகள் சிலவற்றில் ஜன்னலே இருக்காது. பதிவு செய்யும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இணையத்தில் "முழு வீடு, குறைந்த வாடகை" என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது இங்கே சட்டவிரோதம். வீவக வீடுகளுக்கு, அதாவது அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு, ஆறு மாதம்.

அடுத்தது போக்குவரத்து. டாக்சியை மறந்துவிடுங்கள். பெருவிரைவு ரயிலிலும் (எம்ஆர்டி) பஸ்ஸிலும் ஒரு பயணத்துக்குப் பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் வெள்ளியிலிருந்து இரண்டரை வெள்ளிக்குள் முடிந்துவிடும். சிங்கப்பூர் டாலரை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். ஆளுக்கு ஒரு பயண அட்டை வேண்டும். ஒரே அட்டையை நான்கு பேரும் மாற்றி மாற்றித் தட்ட முடியாது. பஸ்ஸில் ஏறும்போது தட்டுகிறவர்கள் இறங்கும்போது மறந்துவிடுவார்கள். அப்படி மறந்தால் அந்த பஸ் கடைசி நிறுத்தம் வரை போகும் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் ரயிலோ வேறு பஸ்ஸோ பிடித்தால் புதிதாகக் கட்டணம் தொடங்காது, மொத்தத் தூரத்துக்குத்தான் கணக்கு. எனவே இரண்டு நிறுத்தம் தானே என்று வெயிலில் நடந்து மாமியாரைக் களைப்பாக்க வேண்டாம். சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கியதும் 36ஆம் எண் பஸ்ஸைப் பிடியுங்கள், நகருக்குள் கொண்டுவந்து விடும். மாடி பஸ் வந்தால் மேலே முன்வரிசையில் பையனை உட்கார வையுங்கள். சுற்றுலா பஸ்ஸுக்குத் தனியாக டிக்கெட் வாங்கத் தேவையே இருக்காது.

சாப்பாட்டுக்கு உணவங்காடி நிலையங்கள் இருக்கின்றன, ஒரே கூரையின்கீழ் பல சிறு கடைகள். லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவில் தோசை, பிரியாணி, ரொட்டி பரோட்டா எல்லாம் கிடைக்கும். ஆறேழு வெள்ளியில் ஒருவர் வயிறு நிறையச் சாப்பிடலாம். சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துக் கொண்டுபோய் வைக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம் வரலாம். குளிர்சாதன உணவகங்களில் விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரியும் மேலே ஏறும். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். ரயிலுக்குள் மட்டும் குடிக்கக் கூடாது, அதற்கும் அபராதம் உண்டு.

பார்க்க வேண்டிய இடங்களில் நல்லவை பலவும் இலவசம். இரவு 7.45க்குக் கரையோரப் பூந்தோட்டங்களில் (கார்டன்ஸ் பை தி பே) மரம்போல் எழுப்பிய ராட்சதக் கோபுரங்களின் ஒளிக்காட்சி. அது முடிந்ததும் மெல்ல நடந்து மரினா பே நீர்முனைக்கு வந்தால் 9 மணிக்கு நீரும் ஒளியும் சேர்ந்த இன்னொரு காட்சி. இரண்டுக்கும் டிக்கெட் இல்லை. 1859இல் தொடங்கிய பூமலை, அதாவது தாவரவியல் தோட்டம், யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. ஆர்க்கிட் பகுதிக்கு மட்டுமே கட்டணம். செந்தோசா உல்லாசத் தீவுக்கு நடைபாலம் வழியாக இலவசமாகவே போய்விடலாம், தீவுக்குள் ஓடும் பஸ்ஸும் இலவசம். பையனுக்காக ஒரே ஒரு இடத்துக்குப் பணம் கொடுப்பதென்றால் மண்டாய் விலங்குத் தோட்டத்துக்குக் கொடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது புலாவ் உபின் தீவு. சாங்கி படகுத்துறையில் சின்ன மரப்படகு நிற்கும். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும், ஆளுக்கு நான்கு வெள்ளி, ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். ஏறும்போது படகு ஆடும், மாமியாரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அக்கரையில் வாடகைச் சைக்கிள், தகரக் கூரை வீடுகள், சில சமயம் காட்டுப்பன்றி. கட்டடக் காட்டுக்கு நடுவே இப்படி ஓர் இடமா என்று பையன் கேட்பான்.

இன்னொன்று. விசா ஒரு பக்கம் இருக்க, வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்வழி வருகை அட்டையையும் (எஸ்ஜி அரைவல் கார்டு) இணையத்தில் நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் இணையத்தளம் எதுவானாலும் உடனே மூடிவிட்டு, குடிநுழைவு ஆணையத்தின் தளத்துக்குப் போங்கள்.